ஒரே மரம், ஒரே மாதிரி புடைப்பு, எந்த அசுவினி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புடைப்பு உண்டாக்கும் அசுவினி என்றால் என்ன?

கத்தரி, அவரைக் கொழுந்துகளில் அடையாக மொய்க்கும் அசுவினியை எல்லோரும் பார்த்திருப்போம். அதே குடும்பத்தில் ஒரு பகுதி வெட்டவெளியில் வாழாமல், மரத்தின் இளம் இலையையோ காம்பையோ உறிஞ்சும்போது அந்த இடத்தையே வீங்க வைத்து, உள்ளே வெற்றிடம் கொண்ட ஓர் அறையாக மாற்றி அதற்குள் குட்டி போடுகிறது. அந்த அறையைத்தான் இங்கே புடைப்பு என்கிறோம். ஐரோப்பாவின் கருப்பு பாப்லர், வட அமெரிக்காவின் காட்டன்வுட் பாப்லர், எல்ம், மத்தியதரைக் கடல் பகுதியின் பிஸ்டாசியா மரங்கள் ஆகியவை இவற்றுக்குப் பேர்போனவை. இந்தப் பக்கத்தில் பெரும்பாலும் பாப்லரில் வாழும் பெம்பிகஸ் பேரினத்தை வைத்துத்தான் பேசப்போகிறோம். ஒரே மரத்தில், சில நேரம் ஒரே கிளையில், நாலைந்து நெருங்கிய இனங்கள் சேர்ந்து கிடைப்பது அதில்தான்.

நம்மூர் புங்க இலையில் வருவதும் இதுதானா?

இல்லை. புங்க இலையில் விரல்போல நீட்டிக்கொண்டிருப்பது சிலந்திக்கு உறவான, வெறுங்கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு சிறு பேனின் வேலை. ஏழிலைப்பாலை இலையில் உருண்டை உருண்டையாக வருவதைச் செய்வது சில்லிட் என்னும் தாவும் சிறு பூச்சி. மாசிக்காய் ஓக் மரத்தில் ஒரு குளவி உண்டாக்கும் புடைப்பு. நாட்டு மருந்துக் கடைகளில் பேசப்படும் கற்கடகசிங்கி மட்டும் அசுவினி செய்தது. இமயமலைப் பக்கத்துப் பிஸ்டாசியா மரத்தில் கொம்பு போல வளர்வது அது. தென்னிந்தியக் கடைகளில் அதற்குப் பதிலாகக் கடுக்காய் மரத்தின் புடைப்பைக் கடுக்காய்ப்பூ என்ற பெயரில் கொடுப்பதும் உண்டு. ஆக, புடைப்பைப் பார்த்ததும் அசுவினி என்று முடிவு கட்டாதீர்கள். பிளந்து உள்ளே யார் என்று பாருங்கள்.

உள்ளே இருப்பது அசுவினிதான் என்று எப்படி உறுதி செய்வது?

புடைப்பில் வாழும் அசுவினிகளுக்கு வழக்கமான அசுவினியின் முகவெட்டு இருக்காது. முதுகின் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் இரட்டைக் குழல்கள் இருக்காது. இருந்தால் வெறும் துளையாக இருக்கும். உணர்கொம்பு குட்டையானது, அதன் கடைசிக் கணுவில் நீண்ட வால் நுனியும் கிடையாது. இறகில்லாதவற்றின் கண் பெரும்பாலும் மூன்றே மூன்று முகப்புகள் கொண்ட சிறு புள்ளி. உடம்பில் வெள்ளை மெழுகுத் தூள்.

புடைப்புக்குள் முட்டைகள் குவியலாகக் கிடந்தால் சந்தேகப்படுங்கள். கோடைக்கால அசுவினிப் பெண்கள் குட்டி போடும். முட்டை இடுபவை அடெல்ஜிட், ஃபில்லாக்சரா என்னும் உறவுக்காரக் குடும்பங்கள். ஸ்ப்ரூஸ் மரத்தில் அன்னாசி வடிவில் புடைப்பு உண்டாக்குவது அடெல்ஜிட். அதைப் பார்த்துவிட்டு அசுவினி அட்டவணையில் (பண்புகளை ஒவ்வொன்றாகக் கேட்டு, கிளை கிளையாகப் பிரித்து இனத்துக்குக் கொண்டுபோகும் பட்டியல்) தேடினால் பொழுது போவதுதான் மிச்சம்.

ஒரு பூச்சியைப் பிடித்து நூலில் உள்ள விவரிப்போடு ஒப்பிட்டால் போதாதா?

பெரும்பாலோர் தடுமாறுவது இங்கேதான், கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பெம்பிகஸின் ஓர் ஆண்டு வாழ்வில் ஒன்றுக்கொன்று துளியும் ஒத்திராத பல உருவங்கள் உண்டு. வசந்தத்தில் பட்டை இடுக்கிலிருந்த முட்டையிலிருந்து வெளிவருபவள் முதல் தாய். புடைப்பைத் தொடங்குபவள் இவளே. வளர்ந்ததும் உருண்டு திரண்டு, இறகில்லாமல், நாலே கணு கொண்ட குட்டை உணர்கொம்போடு இருப்பாள். அவள் போடும் குட்டிகள் பல இனங்களில் ஆறு கணு உணர்கொம்பும் இறகும் கொண்டு வளர்ந்து, புடைப்பை விட்டுப் பறந்து வேறொரு செடியின் வேருக்குப் போகும். வேரில் வாழும் தலைமுறைகள் மறுபடி இறகில்லாதவை. இலையுதிர் காலத்தில் இன்னொரு இறகுள்ள தலைமுறை மரத்துக்குத் திரும்பி, வாயே இல்லாத குட்டி ஆண்களையும் பெண்களையும் பெறும். அந்தப் பெண் ஒரே ஒரு முட்டை இட்டுச் சாகும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஓர் இனத்தின் முதல் தாயையும் அதன் இறகுள்ள மகளையும் பக்கத்தில் வைத்தால் வேறு வேறு பேரினம் என்று சொல்லத் தோன்றும். இரண்டு இனங்களின் முதல் தாய்களைப் பக்கத்தில் வைத்தாலோ ஒரே இனம் என்று சொல்லத் தோன்றும். முதலில் தலைமுறையைத் தீர்மானியுங்கள், அப்புறம் இனத்தைத் தேடுங்கள். தாயைத் தாயோடும், இறகுள்ளதை அதே பருவத்து இறகுள்ளதோடும்தான் ஒப்பிட வேண்டும். அட்டவணைகளில் மிகுதியாகப் பயன்படுவது புடைப்பிலிருந்து வெளியேறும் இறகுள்ள தலைமுறை. ஆகவே சேகரிக்கும்போது குறி அதன் மேலேயே இருக்கட்டும்.

இறகை வைத்து எவ்வளவு தூரம் போக முடியும்?

பேரினம் வரை தாராளமாகப் போகலாம். முன்னிறகின் நடு நரம்பைப் பாருங்கள். சாதாரண அசுவினிகளில் அது பெரும்பாலும் இரண்டு முறை கிளைக்கும். எல்மில் வாழும் எரியோசோமாவில் ஒரே ஒரு முறை கிளைக்கும். பெம்பிகஸில் கிளைக்கவே கிளைக்காது, நேராக ஓடி முடியும். அடுத்து பின்னிறகு. பெம்பிகஸுக்கு அங்கே இரண்டு சாய்வு நரம்புகள், எல்மில் பை போன்ற புடைப்பு உண்டாக்கும் டெட்ரானூராவுக்கு ஒன்றுதான். பத்து மடங்கு கைலென்ஸ் இருந்தால், நல்ல வெளிச்சத்தில் இதைக் களத்திலேயே பார்த்துவிடலாம். இனம் வரை இறகு கொண்டுபோகாது.

காம்பு திருகு சுருளாக முறுக்கியிருக்கிறது. இது எந்த இனம்?

கருப்பு பாப்லரில் காம்பை இப்படி முறுக்குபவை முக்கியமாக இரண்டு: பெம்பிகஸ் ஸ்பைரோதெக்கே, பெம்பிகஸ் ப்ரோட்டோஸ்பைரே. சுருள் இறுக்கமா தளர்வா என்று பார்த்துச் சொல்லிவிடலாம் என்பார்கள். நான் அதை நம்புவதில்லை. இளசாக இருக்கும்போது எதுவும் இறுக்கம், காய்ந்தபின் எதுவும் தளர்வு.

வாழ்க்கைமுறையில் இரண்டும் எதிரெதிர். ஸ்பைரோதெக்கே ஆண்டு முழுவதும் பாப்லரை விட்டு நகராது. முதல் தாயின் மகள்கள் இறகில்லாமலே புடைப்புக்குள் வளர்ந்து குட்டி போடும். பேத்திகளுக்குத்தான் இறகு முளைக்கும், அதுவும் கோடை முடிவிலும் இலையுதிர் காலத்திலும். ப்ரோட்டோஸ்பைரேயில் மகள்களே இறகுள்ளவை. கோடையில் வெளியேறி நீரோரம் வளரும் கொத்தமல்லிக் குடும்பச் செடிகளின் வேருக்குப் போய்விடும்.

ஆகவே புடைப்பைத் திறந்ததும் முதலில் தேட வேண்டியது, தாயைத் தவிர வேறு வளர்ந்த இறகில்லாப் பெண்கள் இருக்கிறார்களா என்பதை. இருந்தால் ஸ்பைரோதெக்கே பக்கம் தராசு நன்றாகச் சாய்கிறது.

இறகுள்ளது மட்டும் கிடைத்தால்? அதற்கும் வழியுண்டு, எனக்கு மிகவும் பிடித்த வழி இது. பூச்சியைத் தெளிவாக்கி ஸ்லைடில் ஏற்றினால் வயிற்றுக்குள் இருக்கும் கருக்கள் தெரியும். அந்தக் கருக்களுக்கு உறிஞ்சுகுழல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அவை வேரில் போய்ச் சாறு குடிக்கப் பிறக்கப்போகிறவை, அதாவது தாய் வேறு செடிக்கு இடம்பெயரும் இனம். இல்லையென்றால் அவை வாயில்லாத ஆண் பெண் தலைமுறை. புடைப்பிலிருந்து நேராக எடுத்த இறகுள்ளதன் வயிற்றில் வாயில்லாக் கருக்கள் இருந்தால், அது ப்ரோட்டோஸ்பைரே அல்ல. இந்த ஒரே சோதனை தலைமுறையையும் சொல்கிறது, வாழ்க்கைமுறையையும் சொல்கிறது.

ஒரு எச்சரிக்கை. அக்டோபரில் மரத்தண்டில் ஊர்ந்துகொண்டிருந்த இறகுள்ளதைப் பிடித்திருந்தால் இது உதவாது. வேரிலிருந்து திரும்பிய வேறு இனங்களின் வயிற்றிலும் அப்போது வாயில்லாக் கருக்கள்தான் இருக்கும்.

காம்பில் பை போல இருப்பது? நடுநரம்பில் இருப்பது?

காம்பில் சுருளாமல் பை போலப் புடைத்து, மூக்கு போன்ற வாயோடு இருந்தால் பெம்பிகஸ் பர்சாரியஸாக இருக்க வாய்ப்பு அதிகம். லின்னேயஸ் 1758இலேயே பெயரிட்ட இனம். இது லெட்யூஸ் கீரையின் வேருக்குப் போவதால் விவசாயிகளுக்கும் தெரிந்த பூச்சி. இலையின் நடுநரம்பை ஒட்டி நீளவாக்கில், சுருக்கம் விழுந்து, சிவப்பாக இருப்பது பெம்பிகஸ் ஃபீனாக்ஸ், கேரட் வேருக்குப் போவது. நடுநரம்பிலேயே புடைப்பு உண்டாக்கும் இன்னொன்று பெம்பிகஸ் பாப்புலிநைக்ரே. கடைசி இரண்டையும் பிரிக்கப் புடைப்போடு நிறுத்தாமல் உணர்கொம்புக்குப் போவது நல்லது.

உணர்கொம்பில் எதைப் பார்க்க வேண்டும்?

மோப்பக் குழிகளை. இறகுள்ளவற்றின் உணர்கொம்பில் மூன்றாம் கணு முதல் குறுக்குக் கோடுகள் போலத் தெரிபவை இவை. எரியோசோமாவில் அவை கொம்பை வளையம் போலச் சுற்றிக்கொண்டிருக்கும். பெம்பிகஸில் குறுகிய குறுக்குப் பட்டைகள்.

முதல் வேலை, எண்ணத் தகுந்தவற்றைப் பிரிப்பது. ஐந்தாம் கணுவின் முடிவிலும் ஆறாம் கணுவின் நுனிக்கு முன்பும் ஒவ்வொரு முதன்மைக் குழி உண்டு. அது எல்லா இனங்களுக்கும் பொது, பிறவியிலேயே வருவது. மற்றவை இரண்டாம் நிலைக் குழிகள், இறகுள்ள நிலையில் வருபவை. அட்டவணைகள் கேட்பது இந்த இரண்டாம் நிலைக் குழிகளின் கணக்கை. புதியவர்கள் இரண்டையும் சேர்த்து எண்ணிவிட்டு, 'ஐந்தாம் கணுவில் ஒன்று இருக்கிறதே' என்று வேறு கிளைக்குப் போய்விடுவது சகஜம்.

ஒவ்வொரு கணுவுக்கும் தனியாக எண்ணுங்கள், மொத்தக் கூட்டல் வேண்டாம். மூன்றாம் கணுவில் எல்லா இனத்துக்கும் குழிகள் இருப்பதால் அங்கே வேறுபாடு எண்ணிக்கையில்தான். ஐந்திலும் ஆறிலும் இரண்டாம் நிலைக் குழிகள் இருக்கின்றனவா இல்லையா என்ற கேள்விக்குக் கூடுதல் மதிப்பு உண்டு. உண்டு இல்லை என்பது எண்ணிக்கையைவிட நம்பகமானது. எண்ணிக்கை உடல் அளவோடு ஏறி இறங்கும். ஊட்டம் குறைந்த புடைப்பில் வளர்ந்த சிறிய பூச்சிக்குக் குழிகள் குறையும். அதனால் ஒரே பூச்சியை வைத்து முடிவு சொல்லாமல், ஒரே புடைப்பிலிருந்து பலவற்றை எடுத்து, இடம் வலம் இரண்டு கொம்புகளையும் எண்ணி, எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை என்று எழுதுங்கள். கணுக்களின் நீளத்தையும் அப்படியே கொடுக்காமல் ஒன்றுக்கொன்று விகிதமாகக் கொடுங்கள்.

மெழுகுத் தட்டுகளும் துளைகளும் உதவுமா?

உதவும், ஆனால் ஸ்லைடில்தான் தெரியும். மெழுகு சுரக்கும் இடங்கள் தோலில் சிறு அறைகள் சேர்ந்த தட்டுகளாகத் தெரியும். அவை தலையில் உண்டா, மார்பில் உண்டா, வயிற்றில் எத்தனை வரிசை, ஒரு தட்டில் சுமாராக எத்தனை அறைகள் என்று குறித்துக்கொள்ளுங்கள். குழல் இருக்க வேண்டிய இடத்தில் வளையத் துளை இருக்கிறதா என்பதும் ஒரு குறி. சில உருவங்களில் அது இருக்கும், சிலவற்றில் இருக்காது. வெளியே தெரியும் வெள்ளைப் பஞ்சின் அளவை மட்டும் ஒரு பண்பாக எழுதாதீர்கள், தொட்டால் உதிர்ந்துபோகிற சமாச்சாரம் அது.

குட்டிகளின் கால் தடிமனாக இருக்கிறதே?

நல்ல கவனிப்பு. ஸ்பைரோதெக்கேயில் முதல் தாய் போடும் குட்டிகள் முதல் பருவத்தில் தடித்த கால்களோடு இருக்கும். புடைப்புக்குள் நுழையும் மலர் ஈப் புழுவையும் அசுவினியை வேட்டையாடும் நாவாய்ப் பூச்சிகளையும் அவை கட்டிப்பிடித்துக் கொல்லும். கழிவையும் உரித்த தோலையும் வெளியே தள்ளிச் சுத்தம் செய்வதும் அவைதான். அடுத்த தலைமுறைக் குட்டிகளின் கால்கள் மெலிந்தவை. அசுவினியில் இப்படிப் படைவீரர் உண்டு என்பதை ஜப்பானியரான ஷிகேயுகி அவோகி 1977இல் கொலோஃபினா என்னும் வேறொரு பேரினத்தில் காட்டினார்.

அடையாளம் காணும் நோக்கில் ஒரு கவனம் தேவை: தடித்த கால், மெலிந்த கால் இரண்டும் ஒரே புடைப்பில் கிடைத்தால் இரண்டு இனம் கலந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். இரண்டு தலைமுறை, அவ்வளவுதான்.

நிறம்?

பூச்சியின் நிறத்தை உயிரோடு இருக்கும்போதே எழுதிவையுங்கள், எத்தனாலில் போட்டதும் போய்விடும். அதற்கு மேல் அதை நம்ப வேண்டாம்.

புடைப்பின் நிறம் இன்னும் ஏமாற்றும். அமெரிக்காவில் விட்ச்-ஹேசல் என்னும் குறுமரத்தின் இலையில் கூம்பு வடிவப் புடைப்பு உண்டாக்கும் ஹோர்மாஃபிஸ் கார்னு இனத்தில் சில புடைப்பு சிவப்பு, சில பச்சை. 2021இல் வெளியான ஆய்வு அதற்குக் காரணம் அசுவினியின் ஒரே மரபணுவில் உள்ள மாற்றம் என்று காட்டியது. மரமும் ஒன்று, இனமும் ஒன்று.

புடைப்பின் வடிவத்தை வைத்தே சொல்லிவிடலாம் என்கிறார்களே?

பெருமளவு உண்மைதான். வடிவத்தைத் தீர்மானிப்பது மரமல்ல, அசுவினி. டேவிட் ஸ்டெர்ன் 1995இல் வேறொரு அசுவினிக் குழுவின் மரபுக் கிளைகளை வைத்து இதைக் காட்டினார். ஆனாலும் புடைப்பின் வடிவம் கட்டியவரைத்தான் சொல்லும், உள்ளே குடியிருப்பவரைச் சொல்லாது. ஜப்பானில் எல்ம் மரத்து எரியோசோமா யாங்கி மற்ற எரியோசோமா இனங்கள் தொடங்கிய புடைப்பில் புகுந்து அதைக் கைப்பற்றும். இப்படிப்பட்ட இடத்தில் உடற்பண்பைப் பார்க்காமல் புடைப்பைப் பார்த்துப் பெயர் எழுதினால் தவறு நிச்சயம்.

நிபுணர்களுக்கே குழப்பமான ஜோடிகள் உண்டா?

உண்டு. மேலே சொன்ன ஹோர்மாஃபிஸ் கார்னுவும் ஹோர்மாஃபிஸ் ஹமமெலிடிஸும் நெடுங்காலம் ஒரே இனமாகக் கருதப்பட்டன. கூம்புப் புடைப்பு ஒரே மாதிரி. தாழ்நிலத்தில் உள்ள கார்னு விட்ச்-ஹேசலுக்கும் பிர்ச் மரத்துக்கும் இடையே மாறி மாறி ஏழு தலைமுறை வாழ்கிறது. உயரமான இடத்தில் உள்ள ஹமமெலிடிஸ் விட்ச்-ஹேசலிலேயே மூன்று தலைமுறையில் முடித்துக்கொள்கிறது. முதலில் இதை ஒரே இனத்தின் இருவேறு வாழ்க்கைமுறை என்றுதான் எடுத்துக்கொண்டார்கள். 1991இல் வான் டோலனும் ஸ்டோட்செலும் தலைமுறைக்குத் தலைமுறை உருவங்களை ஒப்பிட்டு இரண்டாகப் பிரித்து மறுவிவரிப்பு எழுதினார்கள். இங்கே பொறி எங்கே இருக்கிறது பாருங்கள்: இரண்டிலும் புடைப்பிலிருந்து இறகுள்ளவை வெளிவருகின்றன, ஆனால் அவை ஒரே தலைமுறை அல்ல. ஒன்றில் பிர்ச்சுக்கு இடம்பெயர்பவை, மற்றதில் ஆண் பெண்ணைப் பெறப்போகிறவை.

காட்டன்வுட் பாப்லரில் இன்னொரு ஜோடி, பெம்பிகஸ் பாப்புலிட்ரான்ஸ்வெர்சஸும் பெம்பிகஸ் ஒபீசிநிம்ஃபேயும். ஒன்று வசந்தத் தொடக்கத்தில் புடைப்பைத் தொடங்கும், மற்றது தாமதமாக. இந்தக் கால இடைவெளியே இனம் பிரியக் காரணமாக இருந்திருக்கும் என்று அபாட், விட்காட் இருவரும் 2004இல் டிஎன்ஏ ஆதாரத்தோடு எழுதினார்கள். தேதி எழுதாத மாதிரி என்றால் இந்த ஜோடியைப் பிரிப்பது பெரும் பாடு.

அப்படியென்றால் டிஎன்ஏ பார்த்தால் முடிந்தது, உடற்பண்பு எதற்கு?

டிஎன்ஏ வரிசையை எதனோடு ஒப்பிடுவீர்கள்? யாரோ உடற்பண்பு பார்த்துப் பெயரிட்ட மாதிரியோடுதான். அந்தப் பெயர் தவறென்றால் உங்கள் பெயரும் தவறு. இரண்டையும் செய்யுங்கள். சில பூச்சிகளை டிஎன்ஏவுக்கு, அதே புடைப்பின் மற்றவற்றை ஸ்லைடுக்கு.

தமிழ்நாட்டில் இந்தக் குழுவைப் பார்க்கவே முடியாதா?

வேரில் பார்க்கலாம். டெட்ரானூரா நைக்ரிஅப்டொமினாலிஸ் கேழ்வரகு, நெல், கரும்பு, புல் வேர்களில் வருகிறது. புடைப்பு வேண்டுமானால் எல்ம் வேண்டும். நம் சமவெளியில் எல்ம் இல்லாததால் இங்கே அது வேரிலேயே பெண்கள் மட்டுமாகப் பெருகுகிறது. வேரில் கிடைக்கும் இறகில்லாத டெட்ரானூராவுக்கு ஓர் எளிய குறி உண்டு. அதன் பாதத்தில் ஒரே கணு. பெரும்பாலான அசுவினிகளுக்கு இரண்டு. பேரினம் இதில் தீர்ந்துவிடும். இனத்துக்கு வயிற்றின் பின்பகுதி முடிகளையும் உறிஞ்சுகுழல் நுனி முடிகளையும் பார்க்க வேண்டும்.

ஸ்லைடு எப்படிச் செய்வது?

பூச்சிகளை 70 முதல் 80 சதவீத எத்தனாலில் வையுங்கள், டிஎன்ஏவுக்கானவற்றை 95 சதவீதத்தில். வயிற்றில் சிறு துளையிட்டு, 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் மெதுவாகச் சூடாக்கினால் உள்ளுறுப்புகள் கரைந்து தோல் தெளியும். கொதிக்க விடக் கூடாது, உணர்கொம்பு கழன்று வரும். கருக்களைப் பார்க்க வேண்டுமானால் வயிற்றை முழுவதுமாகப் பிதுக்கிக் காலி செய்யாதீர்கள். கழுவி, நீர் நீக்கி, இறகையும் கொம்பையும் விரித்துக் கனடா பால்சம் என்னும் தெளிவான பிசினில் பதியுங்கள். பிறகு 100 முதல் 400 மடங்கில் பார்க்கலாம். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு தோலையும் கண்ணையும் அரிக்கும், கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

முதல் தாய் மட்டும் கிடைத்திருக்கிறாள். என்ன செய்ய?

அவளை வைத்து இனம் சொல்ல முயல வேண்டாம். அந்தப் புடைப்பைத் திறந்தாயிற்று, போகட்டும். அதே கிளையில் அதே மாதிரி இருக்கும் மற்ற புடைப்புகளுக்கு மெல்லிய வலைத்துணிப் பை கட்டி, மரத்தின் இனம், தேதி, புடைப்பு இருக்கும் இடம், அது மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்பதை எழுதிவிட்டு, சில வாரங்களுக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். பைக்குள் இறகுள்ளவை விழ ஆரம்பித்ததும் அவற்றை எடுத்து எத்தனாலில் போடுங்கள். வெளிவந்த தேதியைச் சீட்டில் பென்சிலால் எழுதி உள்ளேயே போட்டுவிடுங்கள். பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும்.